முப்பத்திரண்டு கிளிக்

கோட்டையூர்
ஞாயிறு காலை

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. இந்தக் காலத்தில் எனக்குத் தபாலில் கடிதம் போடுகிற ஒரே ஆள் நீதான் என்று தபால்காரருக்கே தெரிந்துவிட்டது. "சார், கோயம்புத்தூர்" என்று வாசலிலிருந்தே குரல் கொடுக்கிறார். கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் விசாலத்துக்கும் நிம்மதி. கருப்புக் கண்ணாடியோடு ஒரு போட்டோ அனுப்பு, சிரிக்க வேண்டும்.

ஐந்து மாதம் அமெரிக்காவில் என்னதான் செய்தாய் என்று கேட்டிருந்தாய். பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். பாத்திரம் தேய்க்கிற மெஷினில் பாத்திரம் அடுக்கக் கற்றுக்கொண்டேன், அதிலும் மகள் தினமும் தப்புக் கண்டுபிடித்தாள். அப்புறம், துப்பாக்கி சுட்டேன். சிரிக்காதே, நிஜமாகத்தான்.

மாப்பிள்ளைக்கு இந்தப் பழக்கம் இருப்பது கல்யாணத்தின்போது யாருக்கும் தெரியாது. டெக்சாஸில் அது ஒரு விஷயமே இல்லையாம். ரூகர் மார்க் 4 என்று ஒரு பிஸ்டல், .22 ரிம்ஃபயர். நம் என்.சி.சி. ரைஃபிளுக்குப் போட்டோமே, அதே தோட்டாதான். 1887-இல் வந்தது, இன்னும் ஓடுகிறது. பற்றவைக்கிற மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் இருக்கும், ஊசி விளிம்பைத் தட்டினால் வெடிக்கும். உதைப்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதன் தலையில் புதிதாக ஒரு ஸ்கோப், அதான் குறிபார்க்கிற சின்னத் தொலைநோக்கி, மாட்டியிருந்தார். "மாமா, நீங்க பிசிக்ஸ் வாத்தியார், இதை நேர் பண்ணிக் கொடுங்க" என்றார். மரியாதைக்குச் சொன்னதை நான் மெய் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு முன்னால் ஒரு கூத்து. விசிட்டர் விசாவில் போனவன் அங்கே துப்பாக்கியைக் கையில் எடுப்பதே மத்திய சட்டப்படி குற்றம். விதிவிலக்குகளில் ஒன்று, வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது. ஆக, கோழி அறுப்பதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற நான் டெக்சாஸ் மாநிலத்தின் வேட்டைக்காரன் ஆனேன். 1971 செப்டம்பருக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சி வகுப்பும் வேண்டாமாம். கிழவனாக இருப்பதில் இப்படியும் ஒரு லாபம். அந்தக் காகிதத்தை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன். நம் வீட்டில் ஐயா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறதே, ஒவ்வொரு தேர்தலுக்கும் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருகிறேனே, அதற்குப் பக்கத்தில் இதையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றேன். விசாலம் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிஸ்டல் ஸ்கோப் ரைஃபிள் ஸ்கோப் மாதிரி இல்லை. ரைஃபிள் ஸ்கோப்பில் கண்ணைக் கிட்டே, மூன்று நான்கு அங்குலத்தில் வைக்க வேண்டும். பிஸ்டலைக் கை நீட்டிப் பிடிப்பதால் ஒன்றரை அடி தள்ளி இருந்தாலும் படம் தெரிகிற மாதிரி இதைச் செய்திருக்கிறார்கள். பெரிதாக்குவது இரண்டு மடங்குதான். முதல் நாள் எனக்கு அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒன்றுமே அகப்படவில்லை. வானம் தெரிந்தது, பக்கத்து ஆளின் குறி அட்டை தெரிந்தது, என் அட்டை மட்டும் தெரியவில்லை. தலை அரை விரற்கடை நகர்ந்தால் போதும், படம் பிறை நிலா மாதிரி தேய்ந்து கருப்பாகிவிடும்.

அன்றைக்கு ஐம்பது தோட்டா தீர்த்தோம். பிடிக்குக் கீழே மணல் மூட்டை வைத்து, மூச்சை அடக்கி, வாத்தியார் வேலை எல்லாம் செய்தும் குண்டு ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போனது. ஒன்று மேலே, ஒன்று வலப்பக்கம், ஒன்று அட்டையிலேயே இல்லை. எனக்குக் கை போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். மாப்பிள்ளை தோட்டாவைக் குறை சொன்னார். வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்து ஸ்கோப்பைப் பிடித்து லேசாக ஆட்டினேன், ஆடியது! அடிக்கட்டையின் திருகு ஒன்று பாதி கூட இறுகவில்லை. மாட்டிக் கொடுத்தது ஒரு கடைக்காரர், பெயர் வேண்டாம். மாட்டுக் கூலியாக அவர் வாங்கியதைக் கேட்டால் உனக்கு மறுபடி கண் மங்கும். தப்பு எங்கள் மேலும்தான். சுடுவதற்கு முன்னால் திருகைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், இரண்டு நிமிட வேலை. திருகுப் பசை தடவி இறுக்கி, ராத்திரி முழுவதும் காயவிட்டோம்.

அந்த ரூகரில் ஒரு நல்ல அமைப்பு உண்டு. சுடும்போது குழலும் மேல் உடலும் அசைவதில்லை, உள்ளே போல்ட் மட்டும் போய்வரும். அதனால் ஸ்கோப் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கிறது. மேல்பாகமே முன்னும் பின்னும் ஓடுகிற பிஸ்டல்களில் இந்த நிம்மதி கிடையாது.

அடுத்த சனிக்கிழமை முதலில் பத்து கஜத்தில் வைத்துச் சுட்டோம், குண்டு அட்டையில் விழுகிறதா என்று பார்க்க மட்டும். பிறகு இருபத்தைந்து கஜம். ஐந்து குண்டும் சேர்ந்தாற்போல், எலுமிச்சம்பழம் அளவு இடத்துக்குள் விழுந்தன. ஆனால் நடுவிலிருந்து இரண்டு அங்குலம் இடப்பக்கம், ஒரு அங்குலம் கீழே. அதைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

அழகப்பா கல்லூரி நாட்கள், தார்ப்பாயில் குப்புறப் படுத்து ஐந்து ரவுண்டு சுட்டது நினைவிருக்கிறதா? நான் ஒன்றை நடுக்கண்ணில் அடித்துவிட்டேன் என்று துள்ளினேன், மிச்சம் நாலும் நாலு திசை. உன்னுடையது ஐந்தும் அட்டையின் கீழ் மூலையில் கிடந்தன. நான் சிரித்தேன். அந்த ஹவில்தார் ஒரு ரூபாய்க் காசை எடுத்து உன் ஐந்து ஓட்டையையும் மூடிக் காட்டினார். "இவனுக்கு ரைஃபிளைத் திருத்தினால் போதும், உனக்கு உன்னைத் திருத்தணும்" என்று அரை ஹிந்தியிலும் அரைத் தமிழிலும் சொன்னார். ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அதற்குக் காரணம் காசு கடன் என்று நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அதே பாடம்தான் டெக்சாஸிலும். குண்டுகள் ஓரிடத்தில் கூடாதவரைக்கும் ஸ்கோப் திருகைத் தொடவே கூடாது. ஒரே ஒரு குண்டைப் பார்த்துத் திருப்புகிறவன் ஓட்டையைத் துரத்திக்கொண்டே இருப்பான், பெட்டி காலியாகும். கூடிவிட்டதென்றால் மிச்சம் கணக்கு. கணக்கிலா நான் தோற்பேன்?

தோற்றேன். ஸ்கோப் திருகைத் திருப்பினால் 'கிளிக்' 'கிளிக்' என்று ஒவ்வொரு படியாக நகரும். ஒரு கிளிக் என்பது கால் அங்குலம் என்று எழுதியிருந்தது. இரண்டு அங்குலத்துக்கு எட்டு கிளிக் என்று வலப்பக்கம் திருப்பினேன். மறுபடி ஐந்து சுட்டால் குரூப், அதாவது ஓட்டைகளின் கூட்டம், அரை அங்குலம்தான் நகர்ந்திருந்தது. மாப்பிள்ளை அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அந்தக் கால் அங்குலம் நூறு கஜத்தில். ஸ்கோப் நகர்த்துவது கோணத்தை, தூரத்தை அல்ல. இருபத்தைந்து கஜத்தில் அது நாலில் ஒன்று, அதாவது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஆக எனக்கு வேண்டியது எட்டு அல்ல, முப்பத்திரண்டு. பௌதிகம் நடத்திய முப்பத்து மூன்று வருஷத்தில் கோணமும் வில்லும் எத்தனை தடவை போட்டிருப்பேன்! மிச்சம் இருபத்து நாலையும் வாயால் எண்ணிக்கொண்டே திருப்பினேன், மேலே பதினாறு. அடுத்த ஐந்தும் நடுவில்.

ஐம்பது கஜத்திலும் பார்த்துவிட்டேன். அங்கே ஒன்றரை அங்குலம் கீழே விழுந்தது. ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றரை அங்குலம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, 40 கிரெய்ன் எடையுள்ள ஈயக்குண்டு விநாடிக்கு 900 அடி வேகத்தில் போனால் எவ்வளவு விழும் என்று முந்தின ராத்திரியே காகிதத்தில் போட்டு வைத்திருந்தேன். இரண்டும் ஒத்துப்போனபோது வந்த சந்தோஷம், நடுக்கண்ணில் அடித்தபோது கூட வரவில்லை. மாப்பிள்ளை வேறு கம்பெனித் தோட்டா ஒரு பெட்டி எடுத்துப் போட்டார், குரூப் அப்படியே முக்கால் அங்குலம் இடம் மாறியது. தோட்டாவை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், "கண் போச்சு, இனி குறி எங்கே" என்று எழுதியிருக்கிறாயே, அதற்காக. சாதாரணக் குறியில் முன்முனை, பின்பள்ளம், அட்டை என்று மூன்று தூரத்தில் மூன்று சாமான். நம் வயதுக் கண்ணால் ஒன்றைப் பிடித்தால் மற்ற இரண்டும் மங்கும். ஸ்கோப்பில் குறுக்குக் கோடும் அட்டையும் ஒரே இடத்தில், ஒரே தெளிவில் நிற்கின்றன. கண்ணுக்கு வேலையே இல்லை. ஆனால் மணல் மூட்டையை எடுத்துவிட்டு இரண்டு கையால் நின்று பிடித்துப் பார், அந்தக் கோடு அட்டைமேல் எறும்பு மாதிரி ஊர்வதைப் பார்ப்பாய். முன்பும் என் கை அப்படித்தான் ஆடியிருக்கும், எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கோடு சரியாக நடுவுக்கு வரும் கணத்தில் சட்டென்று இழுக்கத் தோன்றும். இழுத்தால் போச்சு. ஆடட்டும் என்று விட்டுவிட்டு விசையை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால், கையால் நின்று சுட்டே நாலு அங்குலத்துக்குள் அடக்கினேன்.

ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குள் வருமுன் மகள் கார் ஷெட்டிலேயே நிறுத்திவிடுவாள். ஈயத் தூள் கையில் ஒட்டியிருக்கும், பச்சைத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பேரனைத் தொட வேண்டும். எழவு வீட்டுக்குப் போய்வந்தவன் மாதிரி நிற்பேன்.

ஊருக்கு வந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. .22 பிஸ்டலுக்கு லைசென்ஸ், ரேஞ்ச் என்று இந்த வயதில் அலைய எனக்குத் தெம்பில்லை. ஒரு ஏர் பிஸ்டல் வாங்கிவிட்டேன், காற்றழுத்தத்தில் 4.5 மில்லிமீட்டர் ஈயச் சில்லைத் தள்ளுவது, அதற்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டித் தூரம் பத்து மீட்டர். டேப்பைத் தேடவில்லை, வளவுத் தரையின் ஆத்தங்குடிக் கல்லை எண்ணினேன். எங்கள் வீட்டில் எட்டு அங்குலக் கல், நாற்பத்தொன்பது கல்லும் இரண்டு விரற்கடையும். முன்கூடத்துப் பட்டாலைக் கதவடியில் நின்றால் இரண்டாம் கட்டு வாசலில் அட்டை. நம் முன்னோர் முகப்பிலிருந்து பின்கட்டுவரை ஒரே நேர்கோட்டில் வாசல் வைத்தது இதற்காகவே என்று விசாலத்திடம் சொன்னேன். பதில் உனக்கே தெரியும்.

அட்டைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி, அதற்குள் தகடு சாய்த்து, பிள்ளையார் செய்கிற களிமண்ணை நான்கு விரல் கனத்துக்கு அப்பியிருக்கிறேன். சில்லு புதைந்துவிடும், தெறிக்காது. மாதம் ஒருமுறை களிமண்ணைப் பிசைந்து ஈயத்தைப் பொறுக்குவேன், பயறு பொறுக்குவது மாதிரி. அந்தப் பெட்டி மேல்மாடியில் கிடந்த பர்மாத் தேக்கு என்பது போன வாரம்தான் வெளியே வந்தது. "முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடையில் கொடுத்தால் என்ன விலை போகும் தெரியுமா?" என்று ஆரம்பித்து, அன்று ராத்திரி எனக்குத் தோசை சுட்டதே பெரிது. காலை ஏழு மணிக்குத்தான் சுடுவேன், கதவெல்லாம் தாழ் போட்டுவிட்டு. ஒன்பதுக்கு மேல் முற்றத்து வெயில் கல்லில் பட்டுக் கண்ணைக் கூசும்.

ஒலிம்பிக் மாதிரிப் போட்டியில் ஸ்கோப் கூடாது. பாரிஸில் துருக்கிக்காரர் ஒருவர் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கிய படத்தை நீ எனக்கு நாலு தடவை அனுப்பினாய், "பார், ஸ்கோப் கூட இல்லை" என்று. அங்கே யாருக்குமே இல்லையப்பா. பத்து மீட்டரில் பத்துப் புள்ளிக்குரிய நடு வட்டம் பதினொன்றரை மில்லிமீட்டர்தான், நம் சட்டைப் பித்தான் அளவு. நான் போட்டிக்குப் போகவில்லை என்பதால் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளிக் குறி மாட்டிக்கொண்டேன். மாட்டியதும் முதல் வேலையாகத் திருகை ஆட்டிப் பார்த்தேன்.

மற்றபடி ஊரில் விசேஷம் அதிகமில்லை. பக்கத்து வீட்டுப் பங்காளிகள் கோர்ட்டுக்குப் போவதை விட்டுவிட்டு வீட்டை ஓட்டல்காரர்களுக்குக் குத்தகை விட்டுவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரர்கள் திண்ணையைப் போட்டோ எடுக்கிறார்கள். கோவில் குளத்தில் தண்ணீர் பாதி இருக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு வருவதாகச் சொன்னாய். ஆச்சியையும் கூட்டிக்கொண்டு நாலு நாள் தங்குகிற மாதிரி வா. டாக்டரிடம் குனிந்து நிமிரலாமா என்று மட்டும் கேட்டுக்கொள். கந்தரப்பத்துக்கு விசாலம் பொறுப்பு, சில்லுக்கு நான்.

இந்தக் கவரில் நேற்றைய அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். ஐந்தில் நாலை ஒரு ரூபாய்க் காசு மூடும், பழைய காசு, பெரியது. ஐந்தாவது ஓரமாகக் கிடக்கிறதே, அது நீ போன் செய்தபோது விழுந்தது.

உன்,
வயிரவன்