இடது முழங்கை

நிஷி-கசாய், டோக்கியோ

அன்புள்ள பாப்பா,

பார்சலில் முறுக்கு டப்பாவுக்கு அடியில் உன் பழைய ஜீன்ஸ் ஜாக்கெட் இருக்கிறது. லண்டன் கிளம்பும்போது "தூக்கிப் போட்டுடுங்கப்பா" என்றாய். எனக்கு மனசு வரவில்லை. கல்லூரிக்கு நான்கு வருஷமும் நீ போட்டுப்போனது. இடது முழங்கையைப் பார். அப்பா தைத்தது.

சாஷிகோ என்கிற ஜப்பானியக் கைத்தையல். ஜூடோ வகுப்புக்குப் போட்டுப் போவாயே, அந்தத் தடித்த துணியின் நெசவுக்கும் அதே பெயர்தான். நம் மாடியின் கடைசி வீட்டுப் பாட்டி சொல்லிக்கொடுத்தார். அவர் ஹிரோசாகிக்காரர், வடக்கே அவோமோரிப் பக்கம். பருத்தி விளையாத குளிர்ப் பிரதேசம் அது. போதாக்குறைக்கு, குடியானவர்கள் பருத்தி உடுத்தக் கூடாது என்று 1724-ல் ஆணை வேறு. சணல்நார்த் துணியில் இழைக்கு இழை இடைவெளி இருக்கும், பனிக்காற்று உள்ளே புகும். அந்த இடைவெளிகளைப் பெண்கள் நூலால் அடைத்தார்கள். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையாக இழை எண்ணிக் குத்தியதில் வைர வடிவங்கள் பிறந்தன. அதற்கு கோகின் என்று பெயர். 1891-ல் இங்கே டோக்கியோவின் உவேனோ நிலையத்திலிருந்து அவோமோரிக்கு ரயில் போனது, மலிவான பருத்தித் துணியும் வந்தது, கோகின் தைப்பது குறைந்தது. உவேனோ என்றாலே "எங்க ஊருக்கு ரயில் கிளம்பும் இடம்" என்று பாட்டி சொல்வதைத்தான் அதுவரை கேட்டிருக்கிறேன். இனி உவேனோவைப் பார்க்கும்போதெல்லாம் இதுவும் நினைவுக்கு வரும்.

நான் தைத்தது கோகின் அல்ல, சாதாரண ஓட்டுத்தையல். உள்ளே என் பழைய நீலக் கைலித் துண்டை ஒட்டாக வைத்தேன். மேலே சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு ஆசானோஹா வரைந்தேன், சணல் இலை வடிவம். சணல் மளமளவென்று நேராக வளரும் செடி என்பதால் இங்கே குழந்தைத் துணியில் அதைத் தைப்பார்களாம். அம்மா எட்டிப் பார்த்து, "புள்ளி வச்சுக் கோலம் போடற மாதிரி இருக்கே" என்றாள்.

இதில் ஊசியை ஓட்டக் கூடாது. ஊசியை அசையாமல் பிடித்து, துணியை மடித்து மடித்து ஆறேழு தையலை அதில் ஏற்றி, பிறகு இழுக்க வேண்டும். இழுத்ததும் கட்டைவிரலால் துணியை நீவிவிட வேண்டும். முதல் தடவை நான் நீவவில்லை. மூன்று ராத்திரி வேலை, முழங்கை சுருக்குப் பை மாதிரி ஆகிவிட்டது. பாட்டி முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராக உள்பக்கத்தைத் திருப்பினார். "முழங்கை மடங்கும் இடமாச்சே, நூலுக்கு இடம் விடணும்" என்றார். எல்லாவற்றையும் பிரித்தேன்.

இரண்டாம் தடவை ஒவ்வொரு திருப்பத்திலும் சின்ன வளையமாக நூலைத் தளர விட்டேன். உள்பக்கம் திருப்பினால் தெரியும். பிசிறு என்று நினைத்து வெட்டிவிடாதே அம்மா, கையை மடக்கும்போது அந்த நூல்தான் நீளும். கோடுகள் கூடும் நடுப்புள்ளியில் தையல் ஒன்றையொன்று தொடாமல் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் தவறிவிட்டது. அதைப் பிரிக்கவில்லை.

மறுபடி நைந்தால் அதன் மேலேயே தைக்கலாம். பாட்டியின் ஊர்ப் பக்கமான சுகாருவில் அப்படித்தான் செய்தார்கள். வெள்ளை நூல் அழுக்கேறினால் துணியோடு அவுரியில் முக்கிவிடுவார்களாம்.

வலது முழங்கையும் நைந்துதான் இருக்கிறது. அதை நான் தொடவில்லை. டிசம்பரில் வரும்போது ஜாக்கெட்டை எடுத்து வா. நூலும் ஊசியும் வாங்கி வைத்திருக்கிறேன், என்ன வடிவம் என்று நீ சொல்.

அன்புடன்,
அப்பா