கொலஸ்ட்ரோலுக்குத் தேங்காய்ப்பால் மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் மருத்துவப் பக்கத்தில் கடந்த வாரம் வெளிவந்த கட்டுரை, தேங்காய்ப்பாலையும் இறாலையும் முட்டை மஞ்சட்கருவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதோடு நின்றுவிட்டது. உடலிலுள்ள கொலஸ்ட்ரோலின் பெரும்பகுதியை உடலே, குறிப்பாக ஈரலே, உற்பத்தி செய்கிறது என்பதையும் மன நெருக்கடிக்கு அதில் பங்குண்டு என்பதையும் அது தொடவேயில்லை.

நெருக்கடி வந்ததும் சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகள் அதிரினலினையும் கோர்ட்டிசோலையும் சுரக்கின்றன. இவை ஓமோன்கள். எந்த ஓமோனும் தனக்குரிய வாங்கியில், அதாவது அதை ஏற்றுக்கொள்ளும் கலப் புரதத்தில், பொருந்தினால்தான் வேலை நடக்கும். கொழுப்புக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள பீற்றா வாங்கிகளில் அதிரினலின் பொருந்தும்போது, சேமித்து வைத்த கொழுப்பு பிரிந்து கொழுப்பமிலங்களாகக் குருதியில் கலக்கிறது. கோர்ட்டிசோலின் வாங்கியோ கலத்துக்கு உள்ளேயே இருக்கிறது. கோர்ட்டிசோலும் அவ்வாங்கியும் இணைந்து கலத்தின் கருவுக்குள் நுழைந்து, எந்தப் பரம்பரையலகு (ஜீன்) எவ்வளவு இயங்க வேண்டும் என்பதையே மாற்றிவிடுகின்றன. ஈரலை அடையும் கொழுப்பமிலங்கள் கொழுப்பைக் குருதியில் சுமந்து செல்லும் விஎல்டிஎல் துணிக்கைகளில் ஏற்றப்பட்டு வெளியேறுகின்றன. அத்துணிக்கைகளில் ஒரு பகுதியே பின்னர் நாம் அஞ்சும் எல்டிஎல், அதாவது 'கெட்ட' கொலஸ்ட்ரோல், ஆகிறது. கோர்ட்டிசோலே கொலஸ்ட்ரோலிலிருந்துதான் ஆக்கப்படுகிறது என்பது இதிலுள்ள வேடிக்கை.

இது வெறும் ஊகமன்று. வரிக் கணக்குகளை ஒப்படைக்கும் கடைசி நாள் நெருங்க நெருங்க, அமெரிக்கக் கணக்காளர்களின் கொலஸ்ட்ரோல் உயர்ந்ததையும், உணவு மாற்றம் அதற்குக் காரணமாகாததையும் அந்நாட்டு இதய வைத்தியர்களான ஃபிரீட்மனும் ரோசன்மனும் 1958இல் வெளியிட்டனர். இழுப்புக்கும் (ஆஸ்துமா) மூட்டுவாதத்துக்கும் பிரெட்னிசலோன் குளிசையை நெடுங்காலம் விழுங்குவோருக்குக் கொழுப்பு ஏறுவதும், அக்குளிசை கோர்ட்டிசோலின் வாங்கியிலேயே பொருந்துவதால்தான்.

திருகோணமலையில் கிளினிக் நாளன்று, மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் விடியப்புறமே வெறும் வயிற்றோடு வந்து, கையில் கொப்பியுடன் வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கிறோம். வாடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல், இயந்திரத்துக்கு வாங்கிய கடனின் தவணையை நினைத்து நித்திரையின்றிக் கிடந்த கடற்றொழிலாளிக்கும், "எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறையுங்கோ" என்ற ஒரே புத்திமதிதான் கிடைக்கிறது. இரவில் நித்திரை வருகிறதா என்று ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

உணவு முக்கியமில்லை என்றோ, வைத்தியர் தந்த கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாற்றின் குளிசையை நிறுத்தலாம் என்றோ நான் சொல்ல வரவில்லை. அப்படி நிறுத்துவது ஆபத்து. உணவின் பங்கைப் போலவே நெருக்கடியின் பங்கும் ஆளுக்காள் வேறுபடும். ஆயினும், ஓமோன் சுரப்பிகளைக் கவனிக்கும் அகஞ்சுரக்கும் தொகுதி வைத்திய நிபுணர் ஒருவரைக் கொண்டு இவ்விடயத்தை அடுத்து வரும் இதழொன்றில் விளக்குவீர்களாயின், கிளினிக் வரிசையில் நிற்கும் எங்களைப் போன்றோருக்கு வைத்தியரிடம் கேட்பதற்கு ஒரு கேள்வியாவது கூடுதலாக இருக்கும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.