கீஸர் பட்லருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கீஸர் பட்லர் அவர்களுக்கு,

உங்கள் ராக் குழுவான பிளாக் சபாத் என்றதும் முதலில் பாடகர் ஆஸியின் குரலைச் சொல்வார்கள், அடுத்து டோனி அயோமியின் ரிஃப்களை, அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டுகளை, சொல்வார்கள். இரண்டும் நியாயம்தான். ஆனால் 1970 செப்டம்பரில் வந்த ‘பாரனாய்ட்’ ஆல்பத்தைப் போட்டால் எனக்கு அது உங்கள் ஆல்பமாகவே கேட்கிறது. வரிகளில் பெரும்பகுதி நீங்கள் எழுதியவை, பேஸ் கிட்டாரும் நீங்கள். இந்த இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வந்ததால்தான் அந்த இசைத்தட்டு இன்னும் பயமுறுத்துகிறது என்பது என் கட்சி.

பேய், பிசாசு, சூனியம் என்று உங்கள் குழுவின் மேல் ஒரு முத்திரை விழுந்துவிட்டது. ‘வார் பிக்ஸ்’ பாட்டை ஒழுங்காகக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதில் சூனியக்காரிகள் வெறும் உவமை. உண்மையான பேய்கள் தளபதிகளும் அரசியல்வாதிகளும்தான்: போரைத் தொடங்கிவிட்டு, சாவதற்கு ஏழைகளை அனுப்புகிறவர்கள். சாத்தான் கடைசி வரியில்தான் வருகிறான், அதுவும் சிரிப்பதற்கு! வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஆல்பத்துக்கே ‘வார் பிக்ஸ்’ என்றுதான் பெயர் வைப்பதாக இருந்தது. அதற்காகத்தான் உறையில் வாளும் கேடயமுமாக ஒரு ஆளை நிறுத்தினார்கள். பெயர் மாறியது, ஆள் அங்கேயே நின்றுவிட்டார். பாவம், ‘பாரனாய்ட்’ என்ற பெயருக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் அதிகம் திரும்பிப் போவது ‘ஹேண்ட் ஆஃப் டூம்’ பாட்டுக்கு. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களிடம் பரவியிருந்த ஹெராயின் பழக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு எழுதியது. முதலில் உங்கள் பேஸ் மட்டும் தாழ்ந்த குரலில் ஒரு சின்ன வட்டம் போடுகிறது. பில் வார்ட் அதன்மேல் டிரம்ஸில் மெல்லத் தட்டுகிறார். ஆஸி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடுகிறார். திடீரென்று கிட்டார் மேலே வந்து விழுகிறது. பிறகு மறுபடி அதே பேஸ், எதுவுமே நடக்காததுபோல. நடுவில் பாட்டு வேகமெடுத்து ஓடுகிறது, கொஞ்சநேரம் தப்பித்துவிட்டதுபோல இருக்கிறது. சுற்றி வந்து நிற்பது அந்த வட்டத்தில்தான். போதைப் பழக்கத்தின் சுழற்சியை வரிகள் சொல்வதற்கு முன்பே பேஸ் சொல்லிவிடுகிறது. வேறொருவர் எழுதிய வரிகளுக்கு நீங்கள் வாசித்திருந்தால் இப்படி அமைந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

‘அயர்ன் மேன்’ பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. காமிக்ஸ் நாயகனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை மட்டும் இன்னொரு முறை சொல்லிவைக்கலாம். எதிர்காலத்தில் உலகம் அழிவதைப் பார்த்துவிட்டு எச்சரிக்க வருகிறவன், வரும் வழியில் இரும்பாகிப் போகிறான். யாரும் அவனைக் கண்டுகொள்வதில்லை. கடைசியில் அந்த அழிவை அவனே செய்கிறான். இருபது வயதில் இப்படி ஒரு கதை! ‘எலக்ட்ரிக் ஃபியூனரல்’ அணுகுண்டைப் பற்றியது, அதுவும் இருட்டுதான். ‘பிளானட் கேரவன்’ மட்டும் மூச்சுவிட இடம் தருகிறது. லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வழியாக அலையலையாக வரும் ஆஸியின் குரலுக்குக் கீழே உங்கள் பேஸ் நிதானமாக உலாவுகிறது. பில்லின் டிரம்ஸ் தனி உள்ள ‘ராட் சாலட்’ வரும்போது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். பில் மன்னிக்கட்டும்.

அப்புறம் அந்தத் தலைப்புப் பாட்டு. ஆல்பத்தின் நீளம் போதவில்லை என்று கடைசி நேரத்தில் சேர்த்தது, மூன்று நிமிடம்கூட இல்லை. இங்கிலாந்துப் பட்டியலில் நான்காம் இடம்வரை போனதும் அதுதான். கூட்டம் துள்ளிக் குதித்துப் பாடும் அந்தப் பாட்டு மனச்சோர்வைப் பற்றியது, அப்போது நீங்களே அதில் சிக்கியிருந்தீர்கள் என்பதைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னீர்கள். யோசிக்க நேரமில்லாமல் அவசரத்தில் எழுதியதால்தான் அலங்காரம் இல்லாமல் நேராக வந்து விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உதவி கேட்கிறான், யாருக்கும் புரியவில்லை. அவ்வளவுதான் பாட்டு.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் நீங்கள் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தது நான்கு பாட்டுகள். அதில் மூன்று இந்த ஆல்பத்திலிருந்து. அதே மாதம் 22ஆம் தேதி ஆஸி உலகை விட்டே போய்விட்டார். அந்த நான்கில் மிச்சமிருந்த ‘என்.ஐ.பி.’யும் முதல் ஆல்பத்தில் உங்கள் பேஸில்தான் தொடங்குகிறது என்பதை யாராவது கவனித்தார்களா தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ‘வார் பிக்ஸ்’ முடியும் இடத்தில் டேப்பின் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அவ்வளவு கனமாக நடந்து வந்த இசை கடைசி நொடிகளில் கீச்சென்று மேலே ஏறி அறுந்துபோகிறது. எனக்கு இன்றும் அது உறுத்துகிறது. மேடையில் அந்த வித்தை செய்ய முடியாது என்பதாலேயே மேடைப் பதிவுகளின் முடிவு எனக்குப் பிடிக்கும். நீங்கள் எந்தப் பக்கம்?

அன்புடன்,
உங்கள் ரசிகன்