மகளுக்கு, பென்ஷன் விஷயமாக

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் பேரன் கவினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்பாள், ஒன்றும் பேச முடியாது. அதனால்தான் கடிதம். பலகாரத்தை வீட்டுக்கு வேண்டாம், ஸ்கூல் விலாசத்துக்கு அனுப்புங்கள் என்றாய். அப்படியே அனுப்பினோம். முறுக்கு நொறுங்காமல் வந்ததா?

நவம்பர் வந்துவிட்டதால் லைஃப் சர்ட்டிபிகேட் வேலை. வழக்கம்போல் கைரேகை மெஷினில் என் கட்டைவிரல் விழவில்லை. நாற்பது வருஷம் ரயில்வே ஒர்க்ஷாப்பில் அரம் பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியில் துடைத்து, பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. கடைசியில் எதிர்வீட்டுப் பையன் தன் ஃபோனில் முகத்தைக் காட்டச் சொன்னான். "கண்ணை ஒருதரம் சிமிட்டுங்க தாத்தா" என்றான். சிமிட்டினேன். நான் உயிரோடு இருப்பதாக மத்திய அரசு ஒப்புக்கொண்டுவிட்டது.

வரும் ஆகஸ்டில் எனக்கு 80 முடிகிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதிதான், உண்மையில் எப்போதோ ஆகியிருக்கும். அந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, நூறு வயதில் இன்னொரு முழுப் பென்ஷன். அதுவரைக்கும் உங்களுக்கு யார் காபி போடுவது என்று அம்மா கேட்கிறாள். ரிடையர் ஆகும்போது மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு கம்யூட்டேஷனில் விட்டுக்கொடுத்த பென்ஷன் பங்கும் பதினைந்து வருஷம் கழிந்து 2021-லேயே திரும்பி வந்துவிட்டது. போஸ்ட் ஆபீஸில் அம்மா பெயரில் போட்ட சீனியர் சிட்டிசன் கணக்குக்கு 8.2 சதவீதம் வட்டி. ஆகவே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. யாருக்கும் பாரமாக இல்லை என்பதை நீயும் உன் அண்ணனும் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, எழுத வந்த விஷயம். பழைய குவார்ட்டர்ஸில் நமக்குப் பின்வரிசையில் டர்னர் ஒருவர் இருந்தாரே, உனக்குச் சைக்கிள் பழக்கிவிட்டவர். அவரும் போய், போன வருஷம் அவர் மனைவியும் போய்விட்டார். அவர்கள் மகள் கல்யாணமாகி நாலாம் வருஷமே வீட்டுக்கு வந்தவள். இருபது வருஷம் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். கோர்ட்டுக்குப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள், மாப்பிள்ளை மனசு மாறி வருவார் என்று டர்னர் கடைசிவரை ஒரு மனு போட விடவில்லை. இப்போது ஃபேமிலி பென்ஷன் கேட்டு எழுதினால், நீ விவாகரத்தானவள் இல்லை, பிரிந்திருப்பவள்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருபது வருஷம் பிரிந்திருந்தாலும் காகிதத்தில் அவள் ஒருவருடைய மனைவிதானே.

யூனியன் ஆபீஸில் அவளுக்காக எல்லா ஆர்டரையும் எடுத்துப் பார்த்தோம். விதவையான, விவாகரத்தான மகளுக்கு வயது வரம்பு கிடையாது. மறுமணம் செய்யாதவரை கிடைக்கும். வருமானம் மட்டும் மாதம் 9,000 ரூபாயும் அதற்கான பஞ்சப்படியும் தாண்டக்கூடாது. எனக்குப் பிறகு அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பிறகு மகளுக்கு. 2017 ஜூலையில் வந்த ஆர்டர் ஒன்று இருக்கிறது. தீர்ப்பு எப்போது வந்தாலும் பரவாயில்லை, வழக்குத் தாக்கலாகும்போது பென்ஷன்தாரரோ அவர் மனைவியோ உயிரோடு இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறார்கள். கேஸ் பத்து வருஷம் இழுத்தாலும் இழுக்கட்டும், மனுவில் தேதி விழுந்திருந்தால் போதும்.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்று நினைக்காதே. தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. உங்கள் ஸ்கூலில் தருகிற சம்பளம் எனக்குத் தெரியும். பொன்மலையிலேயே கணக்கில் முதலாவதாக வந்த பெண், இன்றைக்கு யூகேஜி பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லித் தருகிறாய். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, யார் கேட்டாலும் என் மகள் டீச்சர் என்றுதான் சொல்கிறேன். ஆனால் நீ ஒன்றையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாய். போன மூன்று வருஷப் பொங்கலுக்கும் நீயும் கவினும் மட்டும்தான் வந்தீர்கள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய். சரி என்றோம். என்ன லீவு இல்லாத வேலை அது?

காகிதம் முக்கியம், மலர். 1974 ரயில்வே ஸ்டிரைக்குக்குப் பிறகு என் சர்வீஸ் புத்தகத்தில் பணி முறிவு என்று ஒரே ஒரு வரி எழுதினார்கள். ஜனதா ஆட்சி வந்துதான் அது போயிற்று. அந்த வரி நின்றிருந்தால் அதற்கு முன்னால் உழைத்த வருஷமெல்லாம் பென்ஷன் கணக்கில் சேர்ந்திருக்காது. சோறு போடுவதும் பறிப்பதும் அந்த ஒரு வரிதான். அதனால்தான் சொல்கிறேன், காகிதம் முக்கியம்.

பேசாமல் இருங்கள், அவளே சொல்வாள் என்கிறாள் அம்மா. அவளுக்கு 72, அவள் காத்திருக்கலாம். அண்ணனிடம் நான் ஒன்றும் பேசவில்லை, பேசவும் மாட்டேன்.

குடும்ப விவரப் படிவத்தைப் புதுசாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். உன் ஆதார், பான், பிறப்புச் சான்றிதழ் மூன்றுக்கும் நகல் எடுத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, அம்மாவின் ஃபோனுக்குத்தான் வரும். இப்போது இருக்கும் வீட்டு விலாசத்தையும் எழுது. கோர்ட் காகிதம் ஏதாவது இருந்தால் அதன் நகலும் வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒரு நல்ல வக்கீலைப் பார். ஜனவரி ஒன்றாம் தேதி அம்மா கணக்கில் மூன்று மாத வட்டி விழும், அதை அப்படியே உனக்கு அனுப்புகிறேன். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா