குட்டை இறக்கை என்று விற்று நீள இறக்கையை அனுப்பிய மாடல் விமானம்: புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான ரக மாடலை மாற்றித் தரக் கோருதல்

ஐயா,

'பிபிஸ்ட்ரல் வைரஸ் எஸ்.டபிள்யூ. 80, 24-ல் ஒரு பங்கு அளவு, கையால் செய்த மர மாடல்' என்று உங்கள் இணையக் கடையில் போட்டிருந்ததை நம்பி, போன மாதம் 6,400 ரூபாய் கட்டி வாங்கினேன். என் மகளின் பிறந்தநாளுக்காக. என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தபோது அவள் முதன்முதலாக வானத்தில் ஏறியது, பிபிஸ்ட்ரல் நிறுவனத்தின் 'வைரஸ்' என்ற சிறு விமானத்தின் அந்த ரகத்தில்தான்.

பார்சலைப் பிரித்ததும் ஆசையாக இறக்கையைத் தடவிப் பார்த்தவள், "அப்பா, இது என் பிளேன் இல்லப்பா" என்றாள். நான் நம்பவில்லை. தையல் மெஷினிலிருந்து டேப்பை எடுத்து வந்து என் கண் முன்னாலேயே அளந்தாள். முனைக்கு முனை 52 செ.மீ. நிஜ எஸ்.டபிள்யூ. விமானத்தின் இறக்கை 10.71 மீட்டர், 24-ஆல் வகுத்தால் 44.6 செ.மீ.தான் வர வேண்டும். 52 செ.மீ. சரியாகப் பொருந்துவது 12.46 மீட்டர் இறக்கை கொண்ட பழைய வைரஸுக்கு. கவிழ்த்துப் பார்த்தால் சிறு சக்கரம் வாலுக்கு அடியில் இருக்கிறது! அவள் பறந்ததில் இருந்தது மூக்குச் சக்கரம். ஆனால் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் பித்தளைத் தகட்டில் மட்டும் 'எஸ்.டபிள்யூ. 80' என்று அழகாகப் பொறித்திருக்கிறீர்கள்.

போன் செய்தபோது உங்கள் ஊழியர், "ரெண்டும் வைரஸ்தானே சார், ரெண்டும் ரெண்டு சீட்டுதானே" என்றார். தவறு நடந்ததைவிட இந்தப் பதில்தான் எனக்கு அதிகம் வலித்தது. ஸ்லோவேனியாவில் இந்த விமானக் குடும்பம் தொடங்கியதே சைனஸ் என்ற மோட்டார் கிளைடரில்தான், அதாவது இன்ஜினை அணைத்தாலும் மிதந்து பறக்கக்கூடிய விமானத்தில். அதன் இறக்கை ஏறக்குறைய 15 மீட்டர். அதைக் குறைத்தபோது வைரஸ் வந்தது. மேலும் குறைத்தபோது எஸ்.டபிள்யூ. வந்தது. அந்த இரண்டு எழுத்துக்கு அர்த்தமே 'ஷார்ட் விங்', அதாவது குட்டை இறக்கை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, உச்சியில் குறுக்குப் பலகை வைத்த டி வடிவ வால் என்று மற்றதெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டால், நீள இறக்கை வைரஸ் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 24 மீட்டர் மிதந்து போகும். குட்டை இறக்கை சுமார் 17 மீட்டர்தான். மிதப்பதை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறார்கள். அப்புறம் எப்படி இரண்டும் ஒன்றாகும்?

2015-ல் நம் விமானப்படை, கடற்படை, என்.சி.சி. மூன்றுக்கும் சேர்த்து 194 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது இந்த எஸ்.டபிள்யூ. 80-க்குத்தான். அதில் பறந்த கேடட்டுகள் பலர் உங்கள் மாடலை வாங்க வருவார்கள். அவர்களிடம் தவறான இறக்கையை விற்காதீர்கள்.

உங்கள் செலவிலேயே இந்த மாடலை எடுத்துக்கொண்டு, 44.6 செ.மீ. இறக்கையும் மூக்குச் சக்கரமும் உள்ள சரியான மாடலை 15 நாளுக்குள் அனுப்புங்கள். உங்களிடம் அது இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். கடையில் போட்டிருக்கும் பெயரையும் திருத்துங்கள். இல்லையேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன். டேப் வைத்து அளந்த படங்களையும் பில்லையும் இத்துடன் இணைத்துள்ளேன். பெட்டியோடு மாடல் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருச்சி