கிளிப்பிங் எச்சரிக்கை தவறாகக் காட்டுவது குறித்த புகார்

அனுப்புநர்:
ஸ்டுடியோ உரிமையாளர்கள்,
பாம்பன் – ராமேஸ்வரம் – மண்டபம் பகுதி,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
ஒளிப்பட எடிட்டிங் மென்பொருள் பிரிவு.

பொருள்: கிளிப்பிங் எச்சரிக்கை தேவையில்லாத இடத்தில் எரிவதும், எரிய வேண்டிய இடத்தில் அணைவதும் – திருத்தம் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வெளிச்சம் உச்சத்தையோ இருட்டு அடிமட்டத்தையோ முட்டி விவரம் போகும் இடங்களை வண்ணத் திட்டாகக் காட்டுவதுதான் கிளிப்பிங் எச்சரிக்கை. எங்கள் கடற்கரை வெளிச்சம் உங்கள் எச்சரிக்கைக்கு நல்ல பரீட்சை. அரிச்சல்முனை மணல், வாலிநோக்கம் உப்புக் குவியல், குளிர்காலத்தில் தனுஷ்கோடிக்கு வரும் பூநாரைகள் எல்லாமே ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை, அதாவது வெளிச்சம் மிகுந்த ஓரத்தை, ஒட்டித்தான் விழும். அந்தப் பரீட்சையில் உங்கள் மென்பொருள் தேறவில்லை.

முதலில் மஞ்சள். நடுப்பகல் வெயிலில் எடுத்த மஞ்சள் பட்டுப்புடவையின் ரா ஃபைலை (கேமரா பதிந்த மூல ஃபைல்) திறந்து, வெளியீட்டை எஸ்ஆர்ஜிபி (திரைகளில் வழக்கமான வண்ணவெளி, அதாவது காட்டக்கூடிய நிறங்களின் எல்லை) என்று வைத்து, ஷேடோ எச்சரிக்கையை, அதாவது இருட்டுக்கான எச்சரிக்கையை, போடுங்கள். வெயில் பளீரென்று விழும் மடிப்பெல்லாம் இருட்டைக் குறிக்கும் நீலத் திட்டாகிறது. கர்சரை வைத்துப் பார்த்தால், 0 முதல் 255 வரையிலான அளவில், சிவப்பு 243, பச்சை 190, நீலம் 0. இதில் இருட்டு எங்கே வந்தது? அந்த மஞ்சள் எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே போவதால் நீல சேனல் மட்டும் தரைதட்டுகிறது, அவ்வளவுதான். உங்கள் உதவிக் குறிப்போ ஷேடோ ஸ்லைடரை ஏற்றச் சொல்கிறது. ஏற்றினால் புடவைக்கு ஒன்றும் ஆகாது. மணமகளின் கூந்தலும் மாப்பிள்ளையின் கோட்டும்தான் சாம்பல் பூத்துப்போகும். செய்ய வேண்டியது மஞ்சளின் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) மட்டும் சற்றுக் குறைப்பது.

அரக்குப் பட்டிலும் இதே கதை, மறு ஓரத்தில். மூன்று சேனலும் 255-ஐத் தொட்டால் அங்கே வெறும் வெள்ளை. சிவப்பு மட்டும் தொட்டால் நிறம் தட்டையாகுமே தவிர, நெசவின் விவரம் பச்சையிலும் நீலத்திலும் மிச்சமிருக்கும். இரண்டுக்கும் ஒரே சிவப்புத் திட்டைப் போடுகிறீர்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் திட்டைக் கண்டதும் எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்ச அளவை) இறக்கிவிடுகிறார்கள். ஆல்பம் அச்சாகி வரும்போது முகங்களெல்லாம் மங்கிக் கிடக்கின்றன.

இதைவிட மோசமானது, எச்சரிக்கை அணைவது. உப்புக் குவியல் படம் ஒன்றில் கேமராவின் சென்சாரே ஒளியால் நிறைந்துவிட்டது என்று வையுங்கள். 14 பிட் ஃபைலில் 0 முதல் 16383 வரை எண்கள். உச்சத்தை எட்டிய பிக்சல்களுக்குள் வித்தியாசம் எதுவும் பதிவாகியிருக்காது. எக்ஸ்போஷரை −1 ஆக்கினால் ஒளி அளவு பாதியாகும். டோன் கர்வ் (வெளிச்ச அளவுகளை மாற்றியமைக்கும் வளைகோடு) குறுக்கிடாவிட்டால் 255 ஆக இருந்தது எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய 188-க்கு வரும். சிவப்புத் திட்டு மறைந்துவிடுகிறது. ஆனால் உப்பின் மணிமணியான பரப்பு திரும்பவில்லை, வெள்ளைச் சுவர் சாம்பல் சுவரானது. பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் பச்சை சேனல்தான் முதலில் நிறையும். ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டச் செய்யும் நிறச் சரிக்கட்டல்) சிவப்பையும் நீலத்தையும் பெருக்குவதால், அப்படி இறக்கிய இடம் சில படங்களில் இளஞ்சிவப்பாகவும் தெரிகிறது. பூநாரை என்றால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். உப்பில் உடனே தெரியும். ஸ்லைடர்களுக்குப் பிந்தைய எண்ணை மட்டும் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று காட்டும் எச்சரிக்கையை நம்பி, விவரம் மீண்டுவிட்டதாக வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது?

இன்னொன்று: முழுப் படமும் திரைக்குள் அடங்கும் காட்சியில், சுருக்கிய முன்னோட்டத்தை வைத்தே கணக்கிடுகிறீர்கள். பக்கத்துப் பிக்சல்களோடு சராசரி ஆகிவிடுவதால் சின்னச் சின்னத் திட்டுகள் காணாமல் போகின்றன; 100 சதவீதத்துக்குப் போனால் முளைக்கின்றன. கடலலை மேல் சூரியன் மின்னும் புள்ளிகளுக்கு இதனால் நட்டமில்லை, அவை வெள்ளையாகவே இருக்கட்டும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வியர்வைப் பளபளப்பு விட்டுப்போவதுதான் தொல்லை.

இதையெல்லாம் எழுதிக் கேட்டதற்கு உங்கள் உதவிப் பிரிவு அனுப்பிய பதில், ‘உங்கள் படம் அதிக எக்ஸ்போஷர் ஆகியுள்ளது’ என்ற ஒற்றை வரி. நீலம் 0 என்று அனுப்பிய ஃபைலுக்கும் அதே வரி. ஃபைலைத் திறந்தே பார்க்கவில்லை என்று தெரிகிறது.

நாங்கள் கேட்பது: எந்த சேனல் முட்டுகிறது என்பதைத் தனித்தனி நிறத்தில் காட்டுங்கள். ஸ்லைடர் எதுவும் தொடாத ரா எண்களை வைத்து இயங்கும் எச்சரிக்கை ஒன்றைத் தனிப் பொத்தானாகக் கொடுங்கள். இப்போதுள்ளதும் இருக்கட்டும், ஏற்றுமதிக்கு முன் அது தேவைப்படும். எந்த வண்ணவெளியில், எந்த எண்ணில் எச்சரிக்கை தொடங்குகிறது என்பதைத் திரையிலேயே எழுதுங்கள். கணக்கை முழு அளவுப் பிக்சல்களில் செய்யுங்கள். கணினி கொஞ்சம் திணறினாலும் பரவாயில்லை. மஞ்சளுக்கு ஷேடோவை ஏற்றச் சொல்லும் உதவிக் குறிப்பை மட்டும் இந்த வாரமே நீக்கிவிடலாம், அதற்குப் புதிய பதிப்பு வர வேண்டியதில்லை.

மேலே சொன்ன புடவை, உப்புப் படங்களின் ரா ஃபைல்களையும், ஸ்லைடர் அளவுகள் தெரியும் திரைப் படங்களையும் இணைத்திருக்கிறோம். ஃபைலைத் திறந்து பார்த்தவர் எழுதிய பதில் வரும்வரை, எங்களில் யாரும் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர்கள்,
பாம்பன் – ராமேஸ்வரம் – மண்டபம்.