வக்கீல் இல்லாமலே புகார் தரலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலிஃபோர்னியாவில் வேலையிடத்துப் பாகுபாடு என்று பேச்செடுத்தாலே, "வக்கீலுக்குக் கொட்டிக் கொடுக்க யாரால் ஆகும்?" என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். மாநில சிவில் உரிமைகள் துறையிடம் வக்கீல் இல்லாமலே, கட்டணமும் இல்லாமல் புகார் தரலாம். வேலை தொடர்பானது என்றால் 3 ஆண்டு கெடு. வாடகை வீடு மறுக்கப்பட்டால் 1 ஆண்டுதான். மத்திய சட்டத்துக்கு நிறுவனத்தில் 15 ஊழியராவது இருக்க வேண்டும். மாநிலச் சட்டத்துக்கு 5 பேரே போதும். சின்னக் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

இலவச சமரசப் பேச்சுக்கும் அத்துறையே வழிசெய்கிறது. விசாரணை வேண்டாம், நேரே கோர்ட்டுக்குப் போகிறேன் என்பவர், வழக்குத் தொடர அனுமதிக் கடிதம் பெற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கடிதம் வாங்கிவிட்டால் துறை விசாரிக்காது; அதனால் அவசரப்பட்டு அதை வாங்கிவிட வேண்டாம்.

சாதியைத் தனியாகக் குறிப்பிட்ட மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் நிராகரித்தார். இருக்கும் சட்டமே சாதிப் பாகுபாட்டைத் தடுக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். சரி, அப்படியே இருக்கட்டும். பாதிக்கப்பட்டவருக்கு அது தெரிய வேண்டாமா? உங்கள் நாளிதழாவது இந்தக் கெடு விவரங்களைக் கட்டம் கட்டி வெளியிட வேண்டும்.

- ஒரு வாசகர், கலிஃபோர்னியா